ஓஹையோ ஆற்றிலிருந்து மேரிலாந்து நீதிமன்றம் வரை: ஒரு நாவல் போன வழி

முதல் நாள் – சின்சினாட்டி

சின்சினாட்டி ஆற்றங்கரையில் நின்றால் எதிர்க்கரையில் தெரிவது கென்டக்கி. 1865 டிசம்பர் வரை அந்தக் கரையில் மனிதரை விலைக்கு வாங்கலாம், விற்கலாம். இந்தக் கரையில் கூடாது. நடுவில் ஓடும் ஓஹையோ ஆறுதான் எல்லை. 1852-இல் நூலாக வந்த 'அங்கிள் டாம்ஸ் கேபின்' என்ற அடிமை எதிர்ப்பு நாவலை எழுதிய ஹாரியட் பீச்சர் ஸ்டோவ் 1832 முதல் 1850 வரை இந்த ஊரில் வாழ்ந்தார். அவர் பிறந்தது கனெக்டிகட்டில். ஆனாலும் அந்த நாவல் அரசியலில் என்ன செய்தது என்று தேடிப் போகிறவர்கள் இங்கிருந்து தொடங்குவதே சரி. அவர் அடிமை முறையைப் பற்றிக் கேட்டறிந்ததில் பெரும்பகுதி இந்த ஆற்றங்கரையில்தான்.

காலையில் முதலில் ஃப்ரீடம் சென்டர் அருங்காட்சியகம். ஆற்றை ஒட்டியே இருக்கிறது. இரண்டாவது தளத்தில் ஒரு மரக்கட்டைக் கொட்டடியை அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். 21 அடிக்கு 30 அடி, இரண்டு அடுக்கு. கென்டக்கியின் மேசன் கவுண்டிப் பண்ணை ஒன்றில் இருந்தது இது. தெற்கே நாட்செஸ் சந்தைக்கு ஓட்டிச் செல்லும் வரை வியாபாரி அடிமைகளை இதில்தான் அடைத்து வைத்தான். உள்ளே போய் நிமிர்ந்து பார்க்க வேண்டும். உத்தரத்தில் இரும்பு வளையம் இருக்கிறது, சங்கிலி கோத்துக் கட்டுவதற்கு. நாவலின் முதல் அத்தியாயத்தில் ஹேலி என்ற வியாபாரி கடனுக்கு ஈடாக டாம் என்ற அடிமையையும் ஒரு சிறுவனையும் கேட்டுப் பேரம் பேசுகிறானே, அவன் தொழில் நடந்த இடம் இப்படித்தான் இருந்திருக்கும்.

பிற்பகலில் வால்நட் ஹில்ஸ், கில்பர்ட் அவென்யூவில் உள்ள ஸ்டோவ் இல்லம். லேன் இறையியல் கல்லூரித் தலைவராக வந்த ஹாரியட்டின் தந்தை லைமன் பீச்சருக்குக் கல்லூரி கொடுத்த வீடு. இருபதாம் நூற்றாண்டில் இதே வீடு கறுப்பின மக்கள் நம்பித் தங்கும் விடுதியாக இருந்தது. அதனால் சில அறைகளை 1840-களின் தோற்றத்திலும் சில அறைகளை 1940-களின் தோற்றத்திலும் மீட்டிருக்கிறார்கள். வாரத்தில் எல்லா நாளும் திறப்பதில்லை. கிளம்பும் முன் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த வீட்டில் தெரிந்துகொள்ள வேண்டிய ஆண்டுகள் இரண்டு. 1834 பிப்ரவரியில் லேன் மாணவர்கள் 18 இரவுகள் அடிமை முறையை விவாதித்தார்கள். நிர்வாகம் தடை போட்டதும் பெரும்பாலோர் வெளியேறினார்கள், பலர் ஓபர்லின் கல்லூரிக்குப் போனார்கள். 1836-இல் இந்த ஊரிலேயே ஒரு கும்பல் அடிமை எதிர்ப்புப் பத்திரிகை ஒன்றின் அச்சகத்தை உடைத்து அச்சு இயந்திரத்தை ஆற்றில் போட்டது. அதே 1836-இல் பாஸ்டனில் ரிச்சர்ட் ஹில்ட்ரெத் என்ற வரலாற்றாசிரியர் அடிமை முறைக்கு எதிராக ஒரு முழு நாவலையே வெளியிட்டார். நாடு அசையவில்லை. நல்ல நாவல் இருந்தால் போதும், மக்கள் மனம் மாறிவிடும் என்று சொல்கிறவர்கள் இந்த 16 ஆண்டு இடைவெளியைக் கணக்கில் எடுக்க வேண்டும். 1836-க்கும் 1852-க்கும் இடையே என்ன மாறியது என்பதுதான் இந்தப் பயணம் முழுவதும் கூடவே வரும் கேள்வி.

இரண்டாம் நாள் – ரிப்ளி, வாஷிங்டன் (கென்டக்கி)

சின்சினாட்டியிலிருந்து 52-ஆம் எண் நெடுஞ்சாலை ஆற்றை ஒட்டியே கிழக்கே போகிறது. ரிப்ளி சுமார் 50 மைல். பொதுப் போக்குவரத்தை நம்ப முடியாது, வாடகைக் கார்தான் வழி. ஊருக்குப் பின்னால் எழும் குன்றின் மேல் ஜான் ரேங்கின் என்ற போதகரின் சிறிய செங்கல் வீடு. இரவில் சன்னலில் விளக்கு எரியும், ஆற்றைக் கடந்து வரும் அடிமைகளுக்கு அதுதான் அடையாளம். காரிலேயே மேலே போகலாம். ஆனால் கீழிருந்து ஏறும் படிக்கட்டு வழியாகப் போனால்தான் கைக்குழந்தையோடு அந்த இருட்டில் ஏறுவது என்றால் என்ன என்று கால்களுக்குத் தெரியும். குளிர்காலத்தில் வீடு மூடியிருக்கும்.

1838 குளிர்காலத்தில் ஒரு தாய் குழந்தையோடு உடைந்துகொண்டிருந்த பனிப்பாளங்கள் மேல் ஆற்றைக் கடந்து இந்த வீட்டுக்கு வந்தாள். ரேங்கின் குடும்பத்தார் சொன்ன இந்தச் செய்தி ஸ்டோவ் வீட்டாருக்கு எட்டியது. நாவலில் மகனோடு தப்பியோடும் அடிமைத் தாய் எலைசா இதிலிருந்து பிறந்தவள். இன்று குன்றிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இவ்வளவு அகல ஆற்றை எப்படிக் கடந்திருக்க முடியும் என்று சந்தேகம் வரும். இப்போது தெரிவது அணைகள் கட்டி நீர்மட்டத்தை உயர்த்திய ஆறு. அன்றைய ஆறு குறுகல், ஆழமும் குறைவு, கடுங்குளிரில் உறைந்துவிடும்.

எலைசா பனியில் தாவும் காட்சியைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அரசியலுக்கு முக்கியம் அதற்குப் பிறகு வரும் ஒன்பதாம் அத்தியாயம். இந்த ஊருக்கு வரும் முன் அதை மட்டுமாவது படித்துவிட்டு வாருங்கள். பதிப்புரிமை முடிந்த நூல், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஓஹையோ மாநில செனட்டர் பேர்ட், தப்பி வரும் அடிமைகளுக்கு உதவக் கூடாது என்ற சட்டத்துக்கு ஆதரவாக வாக்களித்துவிட்டு வீட்டுக்கு வருகிறார். மனைவி மேரி எதிர்த்துப் பேசுகிறாள். பேச்சு முடிவதற்குள் எலைசா சமையலறையில் மயங்கிக் கிடக்கிறாள். அந்தத் தம்பதி அண்மையில் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள். மேரி ஒரு மேசையறையைத் திறந்து, இறந்த பிள்ளையின் சின்னச் சட்டைகளையும் தேய்ந்த காலணிகளையும் எடுத்து எலைசாவின் மகனுக்குக் கட்டிக் கொடுக்கிறாள். சட்டம் போட்ட செனட்டரே நள்ளிரவில் வண்டி பூட்டி அவர்களை ஏற்றிச் செல்கிறார். ஸ்டோவ் 1849 ஜூலையில் 18 மாதக் குழந்தையைக் காலராவுக்குப் பறிகொடுத்தவர். வண்டிப் பயணமும் கற்பனை அல்ல. 1839-இல் அவர் கணவர் கால்வினும் தம்பி ஹென்றி வார்ட் பீச்சரும் வீட்டில் வேலை செய்த ஒரு பெண்ணை இரவோடு இரவாக ஜான் வான் சான்ட் என்பவரின் பண்ணையில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

அத்தியாயம் குறிவைத்தது 1850 செப்டம்பர் 18 அன்று சட்டமான தப்பிய அடிமைகள் சட்டத்தை. அதன் விதிகளைத் தெரிந்துகொண்டால்தான் நாவலின் வேகம் புரியும். பிடிபட்டவருக்கு ஜூரி விசாரணை கிடையாது. தன் தரப்பைச் சாட்சியாகச் சொல்லவும் முடியாது. தீர்ப்பளிக்கும் ஆணையருக்கு, அவரை அடிமை என்று திருப்பி அனுப்பினால் 10 டாலர், விடுவித்தால் 5 டாலர் கட்டணம். தங்க இடம் கொடுத்தவருக்கு 1,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. பிடிக்க வா என்று மத்திய அரசின் காவல் அதிகாரியான மார்ஷல் கூப்பிட்டால் வழியில் போகிற எவரும் போயாக வேண்டும். 1836-இல் மாசசூசெட்ஸ் வாசகருக்கு அடிமை முறை எங்கோ தெற்கே நடப்பது. 1850-க்குப் பிறகு அது அவர் வீட்டு வாசலில், அவர் கையைக் கொண்டே நடப்பது. ஹில்ட்ரெத்துக்குக் கிடைக்காத வாசகர் ஸ்டோவுக்குக் கிடைத்ததற்கு முதற்காரணம் இந்தச் சட்டம்தான்.

மாலையில் பாலம் கடந்து கென்டக்கியின் மேஸ்வில் வழியாக வாஷிங்டன் என்ற பழைய குடியிருப்பு. 1833-இல் ஸ்டோவ் விருந்தாளியாக வந்து, நீதிமன்ற வாசலில் அடிமை ஏலத்தைப் பார்த்தது இங்கே. அவர் தங்கிய வீடு இப்போது சிறு அருங்காட்சியகம். அரை மணி போதும்.

மூன்றாம் நாள் – பிரன்ஸ்விக், மேய்ன்

போக்குவரத்துக் குறிப்பு முதலில். பாஸ்டனிலிருந்து பிரன்ஸ்விக்குக்கு டவுன்ஈஸ்டர் ரயில், மூன்றரை மணி நேரத்துக்குள் சேர்ந்துவிடும். அது கிளம்புவது நார்த் ஸ்டேஷனில். நியூயார்க் பக்கமிருந்து வரும் ரயில்கள் நிற்பது சவுத் ஸ்டேஷனில். இரண்டுக்கும் நடுவே நேரடி ரயில் கிடையாது. பேக் பே நிலையத்தில் இறங்கி ஆரஞ்சு லைன் மெட்ரோவில் நார்த் ஸ்டேஷன் போவது எளிது. இது தெரியாமல் ரயிலைத் தவறவிடுகிறவர்கள் நிறைய.

1850 மே மாதம், கால்வின் ஸ்டோவுக்கு பௌடின் கல்லூரியில் வேலை கிடைத்து, குடும்பம் இங்கே வந்தது. ஃபெடரல் தெரு 63-ஆம் எண் மரவீடு. இப்போது கல்லூரிக்குச் சொந்தம். ஹாரியட்டின் அறை ஒன்றை மட்டும் பொதுமக்கள் பார்க்கலாம், அதுவும் கோடையிலும் இலையுதிர்காலத்திலும் சில நாட்கள் பிற்பகலில். அனுமதி இலவசம். தட்டுமுட்டுச் சாமான் எதையும் எதிர்பார்த்துப் போகாதீர்கள். இங்கே பார்க்கத்தக்கது அறையின் அளவும் அதில் நடந்ததும்தான்.

புதுச் சட்டம் அமலுக்கு வந்த சில மாதங்களில் தெற்குக் கரோலினாவிலிருந்து தப்பிய ஜான் ஆண்ட்ரூ ஜாக்சன் என்பவர் இந்த வீட்டில் ஓர் இரவு தங்கினார். ஸ்டோவ் அவர் கதையைக் கேட்டார், முதுகில் இருந்த சாட்டைத் தழும்புகளைப் பார்த்தார், உணவும் பணமும் கொடுத்தார். ஜாக்சன் 1862-இல் வெளியிட்ட தன் நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார். 1,000 டாலர் அபராதச் சட்டத்தை ஸ்டோவ் முதலில் மீறியது வீட்டுக்குள். எழுத்தில் மீறியது அதற்குப் பிறகு.

தெருக் கோடியில் ஃபர்ஸ்ட் பேரிஷ் தேவாலயம். 23-ஆம் எண் இருக்கையில் சிறு தகடு பதித்திருக்கிறார்கள். 1851 தொடக்கத்தில் நற்கருணை ஆராதனையின்போது, அடிபட்டுச் சாகும் ஒரு முதிய அடிமையின் காட்சி மனக்கண்ணில் தோன்றியதாக ஸ்டோவ் பின்னாளில் சொன்னார். அதாவது கதையின் முடிவு முதலில் கிடைத்தது. மற்ற அத்தியாயங்கள் அதை நோக்கி நடந்தவை. மார்ச் 9 அன்று தலைநகர் வாஷிங்டனின் 'நேஷனல் ஈரா' வார இதழ் ஆசிரியர் கமாலியல் பெய்லிக்குக் கடிதம் எழுதினார், மூன்று நான்கு இதழ்களுக்கு வரும் என்று. தொடர் ஜூன் 5-இல் தொடங்கி 1852 ஏப்ரல் 1-இல்தான் முடிந்தது. கைக்குழந்தை, சமையல், வீட்டிலேயே சிறு பள்ளி எல்லாவற்றுக்கும் நடுவே வாரா வாரம் எழுதியது. சில வாரங்கள் பகுதி வந்து சேரவில்லை. தொடருக்கு அவர் பெற்றது 300 டாலர்.

வார இதழ் என்பதும் அரசியல் காரணம்தான். ஒரு பிரதி வீட்டில் சத்தமாக வாசிக்கப்படும், அடுத்த வீட்டுக்குப் போகும், அடுத்த வாரம் வரை பேச்சில் இருக்கும். துண்டறிக்கை படிக்காத பெண்களும் பிள்ளைகளும் கேட்டார்கள். வாக்குரிமை இல்லாத அவர்களிடம் ஸ்டோவ் நேரடியாகவே பேசுகிறார். தாய்மாரே, உங்கள் பிள்ளையை நாளைக் காலையில் பிடுங்கிப் போவார்கள் என்றால் எவ்வளவு வேகமாக நடப்பீர்கள் என்று எலைசாவின் அத்தியாயத்தில் கேட்கிறார்.

கல்லூரி வளாகத்தில் ஒரு செய்தியையும் மனதில் வையுங்கள். 1824-இல் இங்கே பட்டம் பெற்ற ஒரே வகுப்பில் கால்வின் ஸ்டோவும் இருந்தார், பிற்காலக் குடியரசுத் தலைவர் ஃபிராங்க்ளின் பியர்சும் இருந்தார். பியர்ஸ் நாளை பாஸ்டனில் வருவார்.

நான்காம் நாள் – பாஸ்டன்

நாவலை நூலாக்கிய ஜான் ஜூவெட்டின் கடை இருந்தது கார்ன்ஹில் தெருவில். அந்தத் தெருவை இன்று வரைபடத்தில் தேடினால் கிடைக்காது. 1960-களில் அரசு வளாகம் கட்ட அந்தப் பகுதியையே இடித்தார்கள். கவர்ன்மென்ட் சென்டர் மெட்ரோ நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் நகர மன்றச் சதுக்கத்தின் ஓரத்தில் வளைந்து நிற்கும் செங்கல் கட்டடம் சியர்ஸ் கிரசென்ட். அதன் வளைவுதான் பழைய தெருவின் வளைவு. அச்சுக்கூடங்களும் புத்தகக் கடைகளும் நிறைந்திருந்த தெரு அது. அடிமை எதிர்ப்பாளர் வில்லியம் லாய்ட் காரிசனின் 'லிபரேட்டர்' இதழும் இங்கிருந்துதான் வந்தது.

நாவலின் வெற்றியைப் பேசும்போது எழுத்தை மட்டும் பேசி அச்சை விட்டுவிடுகிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஜூவெட் பக்கங்களை ஸ்டீரியோடைப் முறையில் தயாரித்தார். எழுத்துகளைக் கோத்து முடித்ததும் அதன் மேல் சாந்து அச்சு எடுத்து, உருகிய உலோகத்தை ஊற்றி, பக்கம் முழுவதையும் ஒரே தகடாக வார்த்துக்கொள்வது. பிறகு கோத்த எழுத்துகளைக் கலைத்து வேறு வேலைக்குப் பயன்படுத்தலாம், தகடு அப்படியே இருக்கும். எழுத்துக் கோத்த பக்கத்தைக் கலைத்துவிட்டு மீண்டும் அச்சிட வேண்டுமானால் முதலிலிருந்து கோக்க வேண்டும், பிழைதிருத்த வேண்டும், வாரங்கள் போகும், அதற்குள் பரபரப்பு ஆறிவிடும். தகடு இருந்தால் காகிதமும் கட்டுவோரும் இருக்கும் வரை அச்சு நிற்காது. 1852 மார்ச் 20 அன்று, தொடர் முடிவதற்கு முன்பே, இரண்டு பாகங்களாக நூல் வெளிவந்தது. முதல் அச்சு 5,000. முதல் நாளே 3,000 போயிற்று. ஓராண்டில் அமெரிக்காவில் 3 லட்சம்.

அரிய நூல் பிரிவு உள்ள நூலகம் எதிலாவது 1852 பதிப்பைக் கேட்டு வாங்கினால் தலைப்புப் பக்கத்தைக் கவனியுங்கள். தொடக்கப் பிரதிகளில் எண் எதுவும் இராது. பின்னர் அச்சானவற்றில் பத்தாவது ஆயிரம், இருபதாவது ஆயிரம் என்று போட்டிருக்கும். அந்த வரியே ஒரு விளம்பரம். பழம்புத்தகச் சந்தையில் ஏமாறுகிறவர்கள் ஏமாறுவதும் இங்கேதான். ஆண்டு 1852 என்பதால் மட்டும் அது முதல் அச்சு ஆகிவிடாது. இரண்டு பாகங்களும் வெவ்வேறு அச்சிலிருந்து சேர்க்கப்பட்டிருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும்.

விலை துணி அட்டைக்கு ஒன்றரை டாலர், காகித அட்டைக்கு ஒரு டாலர். அன்றைய கூலியாளுக்கு ஒரு நாள் சம்பளமே ஏறத்தாழ ஒரு டாலர்தான். அந்த ஆண்டு இறுதியில் ஜூவெட் பொடி எழுத்தில், இரட்டைப் பத்தியில், 37½ சென்ட்டுக்கு மலிவுப் பதிப்பு போட்டார். அதற்கு முன், நூலுக்கு ஒப்பந்தம் பேசியபோது, செலவில் பாதி ஏற்றால் லாபத்தில் பாதி என்று ஸ்டோவ் குடும்பத்திடம் சொல்லிப் பார்த்தார். கையில் பணமில்லை, 10 சதவீத உரிமைத்தொகைக்கு ஒப்புக்கொண்டார்கள். முதல் மூன்று மாதத்துக்கே 10,000 டாலருக்கு மேல் வந்தது. பிரிட்டனில் ஓராண்டில் 15 லட்சம் பிரதி போனதாகக் கணக்கு. நாடுகளுக்கிடையே பதிப்புரிமை உடன்பாடு இல்லாததால் அந்த விற்பனையில் பெரும்பகுதிக்கு அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பிலடெல்பியாவில் ஒருவர் அனுமதியின்றி ஜெர்மனில் மொழிபெயர்த்து வெளியிட்டபோது ஸ்டோவ் வழக்குப் போட்டார். 1853-இல் நீதிபதி கிரியர், மொழிபெயர்ப்பு பதிப்புரிமை மீறல் ஆகாது என்று தீர்ப்பளித்தார். நூலாசிரியருக்கு அது அநியாயம்தான். ஆனால் நாவல் அவ்வளவு வேகமாகப் பரவியதில் இந்த ஓட்டைகளுக்கும் பங்கு உண்டு.

இனி வாக்குப்பெட்டி. 1852 ஆகஸ்ட் 26 அன்று மாசசூசெட்ஸ் செனட்டர் சார்லஸ் சம்னர் தப்பிய அடிமைகள் சட்டத்தை நீக்கச் சொல்லி மணிக்கணக்கில் பேசினார். அமெரிக்க செனட்டில் ஆதரவு 4, எதிர்ப்பு 47. நவம்பர் தேர்தலில் அடிமை முறை பரவலை எதிர்த்த ஃப்ரீ சாய்ல் கட்சி 5 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. நான்கு ஆண்டுக்கு முன் அதே கட்சி 10 சதவீதம் வாங்கியிருந்தது. வென்றவர், சட்டத்தை உறுதியாக அமல்படுத்துவேன் என்ற பியர்ஸ். நாடே அழுதுகொண்டு படித்த ஆண்டில் வாக்கு குறைந்திருக்கிறது. நாவல் தேர்தலை மாற்றியது என்று பொதுவாகச் சொல்கிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதே இல்லை.

மாற்றம் தெரிந்தது தெருவில். கோர்ட் ஸ்கொயரிலிருந்து ஸ்டேட் தெரு வழியாகத் துறைமுகத்துக்கு நடந்து பாருங்கள், கால் மணி நேரம். 1854 ஜூன் 2 அன்று வர்ஜீனியாவிலிருந்து தப்பி வந்த ஆண்டனி பர்ன்ஸை இந்த வழியாகத்தான் நடத்திக் கப்பலேற்றினார்கள். பியர்ஸின் உத்தரவில் ராணுவம் இரு பக்கமும் நின்றது. சுமார் 50,000 பேர் கூடினார்கள், கட்டடங்களில் கறுப்புத் துணி தொங்கியது. மூன்று நாட்களுக்கு முன்புதான் புதிய பிரதேசங்களுக்கு அடிமை முறை போக வழி திறந்த கான்சஸ்–நெப்ராஸ்கா சட்டமும் கையெழுத்தாகியிருந்தது. அடுத்த ஆண்டு மாசசூசெட்ஸ் சட்டமன்றம் தன் அதிகாரிகள் பிடிப்பவர்களுக்கு உதவக் கூடாது என்று சட்டம் போட்டது. பர்ன்ஸுக்குப் பிறகு இந்த மாநிலத்திலிருந்து யாரையும் திருப்பி அனுப்ப முடியவில்லை. என் கணிப்பில் நாவல் செய்த வேலை இதுதான்: நிகழ்ச்சி வரும் முன்பே அதை எப்படிப் பார்ப்பது என்று லட்சக்கணக்கானோருக்குக் காட்டிவிட்டது. கூட்டத்தில் நின்றவர்கள் பர்ன்ஸைத் தப்பியோடிய சொத்தாகப் பார்க்கவில்லை.

ஐந்தாம் நாள் – ஹார்ட்ஃபோர்ட், கனெக்டிகட்

பாஸ்டனிலிருந்து பேருந்தில் இரண்டு இரண்டரை மணி நேரம். ஃபாரஸ்ட் தெரு 77, ஸ்டோவ் 1873 முதல் 1896-இல் இறக்கும் வரை வாழ்ந்த வீடு. புல்வெளிக்கு அந்தப் பக்கம் மார்க் ட்வைன் வீடு. அங்கே கூட்டம் அதிகம். காலையில் ஸ்டோவ் வீட்டை முடித்துவிடுவது நல்லது. வழிகாட்டியோடு மட்டுமே உள்ளே போகலாம்.

இந்த மையத்தின் சேகரிப்பில் உள்ள பெரிய சான்று 26 தோல்கட்டுத் தொகுதிகள். பிரிட்டன், அயர்லாந்துப் பெண்கள் 5 லட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டு, அடிமை முறையை ஒழிக்குமாறு அமெரிக்கப் பெண்களுக்கு அனுப்பிய வேண்டுகோள் அது. 1853 மே மாதம் லண்டனில் சதர்லண்ட் சீமாட்டியின் மாளிகையில் ஸ்டோவிடம் கிடைத்தது. எல்லாத் தொகுதிகளும் எப்போதும் காட்சியில் இரா. ஆய்வுக்காகப் பார்க்க விரும்பினால் முன்கூட்டி எழுதி நேரம் வாங்க வேண்டும். அடிமை முறையைக் காக்கத் தெற்கு மாநிலங்கள் பிரிந்து 1861-இல் உள்நாட்டுப் போர் மூண்டபோது பிரிட்டனில் தெற்குக்கு அனுதாபம் வளர்ந்தது. ஸ்டோவ் 1863 ஜனவரியில் ஓர் இதழில் அந்தப் பெண்களுக்குப் பதில் எழுதி, பத்து ஆண்டுக்கு முன் போட்ட கையெழுத்தை நினைவூட்டினார்.

மறுப்பும் கதையாகவே வந்தது. தெற்கில் போருக்கு முன் இருபதுக்கும் மேற்பட்ட எதிர்நாவல்கள் எழுதப்பட்டன. மேரி ஈஸ்ட்மனின் நாவல் அதே 1852-இலேயே வந்துவிட்டது. எல்லாம் பொய் என்ற குற்றச்சாட்டுக்கு ஸ்டோவ் 1853-இல் 'எ கீ டு அங்கிள் டாம்ஸ் கேபின்' என்ற ஆவண நூலை வெளியிட்டார். தெற்குப் பத்திரிகைகளில் வந்த விற்பனை விளம்பரங்கள், தப்பியோடியவரின் தழும்புகளை அடையாளமாகச் சொல்லும் அறிவிப்புகள், நீதிமன்றத் தீர்ப்புகள். எஜமானின் அதிகாரம் முழுமையானதாக இருக்க வேண்டும் என்று வடக்குக் கரோலினா நீதிபதி ரஃபின் 1829-இல் எழுதியதும் அதில் உண்டு. இந்த நூலை நாளை வாஷிங்டனில் மறுபடி சந்திப்போம்.

இந்த வீட்டில் மறைக்காமல் பேச வேண்டிய குறைகளும் உண்டு. நாவலின் முடிவில் எலைசாவின் கணவன் ஜார்ஜ் ஹாரிஸ் குடும்பத்தோடு ஆப்பிரிக்காவின் லைபீரியாவுக்குப் போகிறான். விடுதலை பெற்ற கறுப்பர்களுக்கு அமெரிக்காவில் இடமில்லை என்பது போன்ற அந்த முடிவை மார்ட்டின் டெலனி உள்ளிட்ட கறுப்பினத் தலைவர்கள் கண்டித்தார்கள். ஹாரியட் ஜேக்கப்ஸ் தன் அடிமை வாழ்க்கையை எழுத உதவி கேட்டு அணுகியபோது, ஸ்டோவ் அதை ஆவண நூலில் சேர்த்துக்கொள்ளப் பார்த்தார். மேலும் ஜேக்கப்ஸ் வேலை பார்த்த வீட்டு அம்மாளிடமே கதை உண்மையா என்று சரிபார்க்கக் கடிதம் போட்டார். மனம் புண்பட்ட ஜேக்கப்ஸ் தானே எழுதி 1861-இல் வெளியிட்டார்.

மேடை நாடகம் தனிக் கதை. ஜார்ஜ் எய்க்கனின் நாடகம் 1852 செப்டம்பரில் நியூயார்க் மாநிலத்தின் டிராய் நகரில் தொடங்கி 100 இரவு ஓடியது. அடுத்த ஆண்டு நியூயார்க் நகருக்கு வந்து, புத்தகம் வாங்காத தொழிலாளர்களைக் கண்கலங்க வைத்தது. ஸ்டோவுக்கு அதில் காசு இல்லை, தடுக்கவும் உரிமை இல்லை. போருக்குப் பிந்தைய மேடைகள் டாமை முதுகு வளைந்த கிழவனாக்கி, எஜமானுக்குப் பல்லிளிப்பவனாக்கின. இன்று 'அங்கிள் டாம்' வசைச்சொல்லாக இருப்பதற்கு மேடைதான் பெரிதும் காரணம். நாவலின் டாம் அகன்ற மார்புள்ள, சிறு பிள்ளைகளின் தகப்பன். இன்னொரு அடிமையை அடிக்கச் சொன்னபோது மறுக்கிறான். ஒளிந்திருக்கும் இரண்டு பெண்களின் இடத்தைச் சொல்ல மறுத்தே அடிபட்டுச் சாகிறான்.

ஆறாம் நாள் – வாஷிங்டன்

கேலரி பிளேஸ் மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் எதிரே பழைய காப்புரிமை அலுவலகம், இப்போது ஸ்மித்சோனியன் கலைக்கூடம். காலை 11:30-க்குத்தான் திறக்கும், கட்டணமில்லை. 'நேஷனல் ஈரா' அலுவலகம் அதற்கு எதிரே ஏழாம் தெருவில் இருந்தது. அடிமைச் சந்தை நடந்துகொண்டிருந்த தலைநகரில் அடிமை எதிர்ப்பு இதழ் நடத்துவது சாதாரண வேலை அல்ல. 1848 ஏப்ரலில் 77 அடிமைகள் 'பேர்ல்' என்ற கப்பலில் தப்பப் பார்த்துப் பிடிபட்டபோது, கோபங்கொண்ட கும்பல் மூன்று நாள் இந்த அலுவலகத்தைச் சூழ்ந்து கல்லெறிந்தது. பெய்லி அசையவில்லை. சின்சினாட்டியில் ஆற்றில் வீசப்பட்ட அச்சகத்தின் பத்திரிகையில் வேலை பார்த்து வந்தவர் அவர்.

பிற்பகல் காங்கிரஸ் நூலகம். லிங்கன் காலத்தில் இது நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் இருந்தது. கடன் பதிவேட்டின்படி 1862 ஜூன் 16 அன்று ஸ்டோவின் ஆவண நூல் வெள்ளை மாளிகைக்குப் போய், ஜூலை 29 அன்று திரும்பியது. லிங்கன் அடிமைகளை விடுவிக்கும் விடுதலைப் பிரகடனத்தின் முதல் வரைவை அமைச்சரவையில் வாசித்தது ஜூலை 22. நூல் அப்போது அவரிடம் இருந்தது. இதற்கு மேல் இந்தப் பதிவு எதையும் நிரூபிக்காது. ஆனால் எல்லோரும் எடுத்துச் சொல்லும் அந்த இன்னொரு சான்றைவிட இது உறுதியானது.

அந்தச் சான்று, இந்தப் பெரும்போரைத் தொடங்கிய நூலை எழுதிய சின்னப் பெண்மணி நீங்கள்தானா என்று லிங்கன் கேட்டதாகச் சொல்லப்படும் வாக்கியம். 1862 இறுதியில் இருவரும் சந்தித்தது உண்மை. சந்திப்பையொட்டி ஸ்டோவ் எழுதிய கடிதங்களில் அந்த வாக்கியம் இல்லை. அச்சில் முதலில் வந்தது 1896-இல், அவர் இறந்த ஆண்டில், குடும்ப நினைவாக. நினைவுப்பொருள் கடைகளில் கோப்பை முதல் அட்டை வரை அந்த வாக்கியம் இருக்கிறது. அதை வரலாறாக மேற்கோள் காட்டாதீர்கள்.

நேரமிருந்தால் ரெட் லைன் மெட்ரோவில் வடக்கே போய் ஜோசையா ஹென்சன் அருங்காட்சியகம். ஹென்சன் இந்தப் பண்ணையில் அடிமையாக இருந்தவர். பின்னர் கென்டக்கிக்கு அனுப்பப்பட்டு, அங்கிருந்து 1830-இல் கனடாவுக்குத் தப்பினார். 1849-இல் வந்த அவர் தன்வரலாறு ஸ்டோவுக்கு ஆதாரங்களில் ஒன்று. வீட்டை ஒட்டிய மரக்கட்டை அறையை டாமின் குடிசை என்று நெடுங்காலம் காட்டிவந்தார்கள். மாவட்ட நிர்வாகம் 2006-இல் வாங்கிய பிறகு மர வளையங்களை ஆராய்ந்ததில், அது 1850-ஐ ஒட்டிக் கட்டப்பட்டது, ஹென்சன் போய் இருபது ஆண்டுக்கும் மேல் ஆன பிறகு என்று தெரிந்தது. அருங்காட்சியகம் அதை ஒளிக்காமல் சொல்கிறது.

ஏழாம் நாள் – கேம்பிரிட்ஜ், மேரிலாந்து

வாஷிங்டனிலிருந்து சுமார் 90 மைல், 50-ஆம் எண் நெடுஞ்சாலையில் செசபீக் விரிகுடாப் பாலம் தாண்டி. கோடை வெள்ளிக்கிழமை மாலைகளில் கடற்கரைக்குப் போகும் கூட்டத்தால் பாலம் அடைத்துவிடும், காலையில் கிளம்புங்கள். தானும் தப்பி, பிறகு திரும்பி வந்து பல அடிமைகளைத் தப்புவித்த ஹாரியட் டப்மன் பிறந்து தப்பிய மாவட்டம் இது. ஆற்றங்கரைப் பக்கம் ஹை தெருவில் 1850-களில் கட்டிய நீதிமன்றம் இன்றும் நீதிமன்றமாகவே இயங்குகிறது.

1857-இல் இங்கே சாமுவேல் கிரீன் என்ற போதகர் நிறுத்தப்பட்டார். விடுதலை பெற்ற கறுப்பர், படித்தவர், பக்கத்து ஈஸ்ட் நியூ மார்க்கெட்காரர். எட்டு அடிமைகள் தப்பியதில் அவருக்குப் பங்கு இருக்கலாம் என்று வீட்டைச் சோதித்தார்கள். கிடைத்தவை கனடா வரைபடம், ரயில் நேர அட்டவணை, தப்பிப் போன மகன் கனடாவிலிருந்து எழுதிய கடிதங்கள், 'அங்கிள் டாம்ஸ் கேபின்' நூல். வரைபடத்தையும் கடிதங்களையும் வைத்துக் குற்றத்தை நிரூபிக்க முடியவில்லை. நாவல் போதுமானதாக இருந்தது. அடிமைகளைத் தூண்டிவிடும் எழுத்தைத் தெரிந்தே வைத்திருக்கும் சுதந்திரக் கறுப்பருக்கு மேரிலாந்துச் சட்டத்தில் குறைந்தபட்சத் தண்டனையே 10 ஆண்டு. அதைக் கொடுத்தார்கள். அதே நூல் வெள்ளையர் வீட்டு அலமாரியில் இருந்தால் அந்தச் சட்டம் தொடாது.

நாவலுக்கு அரசியல் வலிமை இருந்ததா என்று கேட்பவர்களுக்கு இந்த வழக்கைத்தான் காட்ட வேண்டும். தலா 300 பக்கத்துக்குச் சற்று மேற்பட்ட இரண்டு பாகங்களைப் பார்த்து ஒரு மாநிலம் எவ்வளவு பயந்தது என்பதற்கு விற்பனைக் கணக்கைவிடத் தெளிவான அளவு இது. வடமாநிலப் பத்திரிகைகள் வழக்கைப் பரப்பின, போதகர்கள் ஆளுநருக்கு மனுப் போட்டார்கள். பலிக்கவில்லை. போர் நடந்துகொண்டிருந்த 1862-இல்தான், மாநிலத்தை விட்டு வெளியேற வேண்டும் என்ற நிபந்தனையோடு பால்டிமோர் சிறையிலிருந்து அவரை விட்டார்கள்.

நீதிமன்றத்திலிருந்து தெற்கே கால் மணி நேரத்துக்குச் சற்று மேல் காரில் போனால் சர்ச் கிரீக்கில் டப்மன் நினைவு மையம், அனுமதி இலவசம். கிரீன் வாழ்ந்த ஈஸ்ட் நியூ மார்க்கெட் வடகிழக்கே, எதிர்த்திசையில். அதனால் டப்மன் மையத்தை முதலில் முடித்துவிட்டு, பிறகு ஊர் வழியாகத் திரும்பி அங்கே போவதே வசதி.